பழைய டர்போ டீசல் கார் நடுவழியில் நின்றால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய டீசல் கார் வைத்திருக்கும் சொந்தக்காரர்களும் நண்பர்களும் சாலையோரத்தில் நின்றபடி என்னைக் கூப்பிட்டுக் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். நான் மெக்கானிக் அல்ல. 1.3 லிட்டர் மல்டிஜெட் இன்ஜின் வண்டியைப் பல ஆண்டுகளாக வைத்திருப்பவன். பட்டறையில் பக்கத்தில் நின்று பார்த்தே பாதி கற்றவன். ஃபியட் வடிவமைத்த இந்த 1248 சிசி இன்ஜின்தான் ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், விஸ்டா, புன்டோ, லீனியா என்று பல கம்பெனி வண்டிகளில் ஓடியது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகை மாசு விதி வந்ததோடு இங்கே அதன் கதை முடிந்தது. ஆகவே சாலையில் இருப்பவற்றில் கடைக்குட்டிக்கே வயதாகிவிட்டது. பதில்கள் பெரும்பாலும் இந்த இன்ஜினை மனத்தில் வைத்தவை. பழைய இன்னோவா, பொலிரோ, வெர்னா வைத்திருப்பவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

நடுவழியில் நின்றுவிட்டது. நானே கை வைக்கலாமா, மெக்கானிக் வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

எந்தக் குழாய் என்பதைப் பொறுத்தது. பானெட்டைத் திறந்தால் தெரியும் குழாய்களில் காற்று போவது, வேக்குவம் (காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிடத்தின் இழுவிசை) போவது, தண்ணீர் போவது, மிச்ச டீசல் டாங்குக்குத் திரும்புவது ஆகிய நான்கிலும் அழுத்தம் குறைவு. இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறியான டர்போ தரும் காற்றுக்கே வீட்டு பிரஷர் குக்கர் அளவு அழுத்தம்தான். இவற்றைக் கட்டலாம், ஒட்டலாம், வேறு குழாய் சொருகலாம். டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களுக்குப் போகும் இரும்புக் குழாய்கள், டர்போவுக்கு ஆயில் கொண்டுபோகும் குழாய், பிரேக் சம்பந்தப்பட்டவை ஆகிய மூன்றையும் தொடவே கூடாது. வேக்குவம் குழாய்களிலும் பிரேக்குக்குப் போகும் தடித்த ஒன்று இந்தத் தடைப் பட்டியலில் சேர்ந்தது.

பானெட்டைத் திறக்கும் முன்பே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. நான்கு இண்டிகேட்டரையும் போட்டு, எச்சரிக்கை முக்கோணத்தைப் பின்னால் நன்றாகத் தள்ளி வைத்து, உடன் வந்தவர்களைச் சாலைத் தடுப்புக்கு அப்பால் நிறுத்துங்கள். நான்குவழிச் சாலையில் இரவில் நின்ற வண்டிக்கு, பின்னால் வரும் லாரியைவிடப் பெரிய கோளாறு எதுவும் கிடையாது.

திடீரென்று வண்டி இழுக்கவில்லை. 'உஸ்' என்று சத்தம், பின்னால் கரும்புகை. டர்போ போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும், அங்கிருந்து இன்ஜினுக்கும் போகும் ரப்பர் ஹோஸ்களில் ஒன்று கிழிந்திருக்கும், அல்லது கிளிப்பிலிருந்து கழன்றிருக்கும். உள்ளே இழுத்த காற்றை அளந்து அதற்கேற்ப டீசல் தெளிக்கப்படுகிறது. அளந்த காற்று வழியிலேயே ஒழுகிப்போனால் டீசல் மிஞ்சும். மிஞ்சிய டீசல் கரும்புகையாக வெளியேறும். இந்த அறிகுறிகளைக் கேட்டவுடனே "டர்போ மாற்ற வேண்டும்" என்று விலை சொல்லும் பட்டறையில் சாவியைக் கொடுக்காதீர்கள்.

ஹோஸைக் கண்ணால் பார்த்து "நன்றாகத்தானே இருக்கிறது" என்று முடிவு கட்டுகிறவர்கள் அதிகம். கிழிசல் வழக்கமாக அடிப்பக்கத்தில், கிளிப் கடித்த இடத்தை ஒட்டி இருக்கும். இன்ஜின் ஆறியபின் ஹோஸின் கீழே விரலை விட்டுத் தடவுங்கள். ஓரிடத்தில் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கு ஈரமாகத் தட்டுப்படும். அந்த இடத்தில் ஹோஸை அழுத்தி வளைத்தால் மூடியிருந்த கீறல் வாய் திறக்கும். ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது, சத்தமே வராது; டர்போ காற்றைத் தள்ளும்போதுதான் கீறல் விரிகிறது.

அந்த ஹோஸை எதைக் கொண்டு கட்டுவது? இன்சுலேஷன் டேப் போதுமா?

போதாது. சூட்டிலும் எண்ணெயிலும் அதன் பசை இளகி, சிறிது தூரத்திலேயே சுருண்டு விழுந்துவிடும். ஒட்டுப்பசை இல்லாமல் தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் சிலிக்கான் டேப் ஒரு சுருள் வண்டியில் இருந்தால் அதைவிட நல்லது வேறில்லை. இல்லையென்றால் பஞ்சர் கடையில் பழைய சைக்கிள் டியூப் கேளுங்கள். பெரும்பாலும் காசுகூட வாங்க மாட்டார்கள்.

முதலில் பிசுக்கு போக வேண்டும். பெட்டிக்கடை ஷாம்பு பாக்கெட்டைத் தண்ணீரில் கரைத்துத் துடைத்து, நன்றாகக் காய விடுங்கள். சூடான இன்ஜின் அருகே பெட்ரோலில் நனைத்த துணியைக் கொண்டுபோக வேண்டாம். டியூபை இரண்டு விரல் அகலத்துக்கு நீள நாடாவாக வெட்டுங்கள். கீறலுக்கு நான்கு விரல் முன்பே தொடங்கி, இழுக்க முடிந்த மட்டும் இழுத்தபடி, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூடுமாறு சுற்றிக்கொண்டே போய், அதே வழியில் திரும்பி வாருங்கள். பிடிப்பு முழுவதும் அந்த இழுவையில்தான் இருக்கிறது. இரு முனைகளிலும் ஹோஸ் கிளிப் அல்லது பிளாஸ்டிக் டை போட்டு இறுக்குங்கள். கட்டுக்கம்பி கடைசித் தேர்வு. அது ரப்பரையே அறுக்கும்.

கீறல் ஹோஸின் நுனியில் இருந்தால் இவ்வளவும் வேண்டாம். கிழிந்த நுனியைக் கத்தியால் நேராக வெட்டிவிட்டு, மிச்சத்தை இழுத்துச் சொருகி கிளிப் போடுங்கள். நீளம் எட்டினால் இதுவே மிக உறுதியான வழி.

கட்டிய பிறகு எப்படி ஓட்டுவது? கட்டவே முடியாவிட்டால்?

இரண்டுக்கும் ஒரே பதில்: ஆக்சிலரேட்டரைக் கால் விரலால் தொடுவதுபோல் மிதித்து, இன்ஜினை நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்குக் கீழேயே வைத்து, அடுத்த ஊர் வரை. இந்த இன்ஜினில் டர்போ வேலை செய்யத் தொடங்குவதே ஏறக்குறைய அந்த இடத்தில்தான். ஒழுகும் ஹோஸோடு மிதித்தால், குறையும் அழுத்தத்தை ஈடுகட்ட டர்போ அளவுக்கு மீறிச் சுழலும். சாதாரணமாகவே நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டுவது அது. முழுக்கக் கழன்ற ஹோஸோடு மண் சாலையில் போகாதீர்கள்; இன்ஜின் ஃபில்டர் வழியாக இல்லாமல் நேரடியாகப் புழுதியை இழுக்கும்.

ஹோஸெல்லாம் சரிதான். இன்ஜின் விளக்கு எரிகிறது, வண்டி மாட்டு வண்டி வேகத்தில் போகிறது. ஏன்?

ஏதோ ஓர் அளவு தப்பாக வருவதாக நினைத்து, இன்ஜினைக் காப்பாற்ற கம்ப்யூட்டரே சக்தியைக் குறைத்துவிட்டது. சாவியை முழுக்க அணைத்து, சில நிமிடம் விட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பல நேரம் அடுத்த ஏற்றம் வரை சரியாக ஓடும்.

மறுபடி வந்தால் இரண்டு இடங்களைப் பாருங்கள். 90 குதிரைத்திறன் வகையில் டர்போவைக் கட்டுப்படுத்துவது வேக்குவம். அதற்குப் போகும் பென்சில் தடிமன்கூட இல்லாத குழாய் வெடித்தோ கழன்றோ இருக்கலாம். கண்ணாடி கழுவும் தண்ணீர்க் குழாயில் ஒரு துண்டு வெட்டிச் சொருகினால் வீடுவரை தாங்கும், சூடான பாகத்தில் படாமல் இருந்தால். அடுத்தது, ஏர் ஃபில்டர் பெட்டிக்கு அடுத்தாற்போல் இருக்கும் காற்றளவு சென்சார். இன்ஜினை அணைத்துவிட்டு அதன் பிளக்கைக் கழற்றி ஓட்டிப் பாருங்கள். வண்டி முன்னைவிட நன்றாக ஓடினால் சென்சார்தான் குற்றவாளி. அது பொய் சொல்வதைவிடச் சும்மா இருப்பது மேல். கம்ப்யூட்டர் தன்னிடமுள்ள உத்தேச அளவை வைத்துச் சமாளித்துக்கொள்ளும்.

டீசல் தீர்ந்து நின்றது. ஐந்து லிட்டர் வாங்கி ஊற்றியும் ஸ்டார்ட் ஆகவில்லை. செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்கலாமா?

கூடாது. குழாயில் காற்று புகுந்திருக்கிறது. உயரழுத்தப் பம்புக்கு வழுவழுப்பு தருவதே டீசல்தான். காய்ந்த பம்பைச் சுற்றவிட்டால் உள்ளே உலோகம் தேய்ந்து, அந்தத் தூள் இன்ஜெக்டர் வரை போகும். பேட்டரியும் சாகும்.

சில வண்டிகளில் டீசல் ஃபில்டரின் தலையில் கையால் அழுத்தும் பம்ப் இருக்கும், சிலவற்றில் குழாயின் நடுவே ரப்பர் பந்து இருக்கும். அது கெட்டியாகும்வரை அழுத்துங்கள். இரண்டும் இல்லாமல் டாங்குக்குள் மின்பம்ப் உள்ள வண்டியென்றால், சாவியை 'ஆன்' நிலையில் வைத்து, பின்பக்கம் மெல்லிய ரீங்காரம் கேட்டு ஓய்ந்ததும் அணைத்து, மறுபடி 'ஆன்' என்று பலமுறை செய்யுங்கள். பிறகு பத்து விநாடிக்கு மேல் போகாமல் செல்ஃப் அடித்து, இடைவெளி விட்டு மறுபடி முயலுங்கள்.

எங்கள் ஊர் டிரைவர் அண்ணன் இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்தித்தான் ஏர் எடுப்பார். அது இன்னும் சுலபம் இல்லையா?

அண்ணன் பழகியது பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளில். அங்கே அது முறையான வேலைதான். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் இன்ஜினில், அதாவது நம்முடையதில், அது உயிர் விளையாட்டு. முழு வேகத்தில் இந்தக் குழாய்களுக்குள் 1,400 முதல் 1,600 பார் வரை அழுத்தம். ஐடிலிலேயே 200 பாருக்கு மேல். உங்கள் டயரில் இருப்பது இரண்டு பாரை ஒட்டித்தான்.

அந்த அழுத்தத்தில் முடியிழை போன்ற டீசல் பீச்சு தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே குண்டூசி குத்தியதுபோல ஒரு புள்ளிதான் தெரியும், முதலில் வலியும் அதிகம் இராது. உள்ளே போன டீசல் தசையை அழித்துக்கொண்டே பரவும். உடனடி அறுவை சிகிச்சை இல்லையென்றால் விரலையோ கையையோ இழக்க நேரும். யாருக்காவது அப்படி நேர்ந்தால் மருந்துக்கடையில் களிம்பு வாங்காதீர்கள். நேராகப் பெரிய மருத்துவமனைக்குப் போய், "உயரழுத்த டீசல் உள்ளே போயிருக்கிறது" என்று அதே சொற்களில் சொல்லுங்கள்.

டீசல் வாடை வருகிறது, எங்கோ ஒழுகுகிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

இன்ஜினை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள், விரலால் துழாவ வேண்டாம். இன்ஜெக்டர்களின் தலைகளை இணைக்கும் மெல்லிய ரப்பர் அல்லது துணி சுற்றிய குழாய் ஈரமாக இருந்தால் அது திரும்பு குழாய். அதே உள்விட்டமுள்ள டீசல் குழாய் எந்த டிராக்டர் உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும். இரும்புக் குழாயின் நட்டில் ஈரம் என்றால் முந்தைய பதிலில் சொன்ன உயரழுத்தக் குழாய் அது. தொடாமல் இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

சூடு முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. தண்ணீர் ஊற்றலாமா?

ஓரம் கட்டும்வரை ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில், முழு வேகத்தில் வையுங்கள். வேர்த்துக் கொட்டும், ஆனால் ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் வெயிலில் ஏறுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. நின்றபின் மூடியைத் திறக்காமல் குறைந்தது அரை மணி நேரம் பொறுங்கள். மேல் ஹோஸைக் கையால் பிடிக்க முடிகிற அளவு ஆறியபின், மூடியின் மேல் துணி போட்டு மெல்லத் திறந்து, சிறிது சிறிதாக ஊற்றுங்கள். கொதிக்கும் இன்ஜினில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் ஹெட் விரிசல் விடும். அதன்பின் ஹோஸெல்லாம் சில்லறைச் செலவு.

ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை என்றால் ஃபியூஸைப் பாருங்கள். ரிலே சந்தேகமென்றால், அதே எண் அச்சிட்ட ஹாரன் ரிலேயை அங்கே மாற்றிப் போடலாம். தண்ணீர் ஹோஸ் கிழிந்திருந்தால் சைக்கிள் டியூப் முறையேதான். கட்டியபின் மூடியைச் சற்றுத் தளர்வாக வைத்தால் அழுத்தம் ஏறாது, கட்டும் தாங்கும்; பதிலுக்குத் தண்ணீர் சீக்கிரமே கொதிக்கும். மெதுவாகப் போய், அடிக்கடி நின்று நிரப்ப வேண்டும்.

ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போட்டால் ஒழுகல் நிற்குமாமே?

ஊசித்துளை என்றால் நிற்கும். நுண்ணிய தூள் ஊறித் துளையில் அடைத்துக்கொள்கிறது. லாரிக்காரர்களின் பழைய கைமருந்து. துளையை அடைக்கும் அதே தூள் ஹீட்டரின் நுண்குழாய்களையும் அடைக்கும் என்பதால், ஊர் சேர்ந்ததும் முழுக்கக் கழுவி விட்டுப் புதுக் கூலன்ட் நிரப்புங்கள். முட்டை உடைத்து ஊற்றச் சொல்கிறவர்களும் உண்டு. அந்த நாற்றத்தோடு வாழத் தயாராக இருந்தால் உங்கள் விருப்பம்.

பெல்ட் அறுந்துவிட்டது. பேட்டரியில் கொஞ்ச தூரம் ஓட்டலாம் அல்லவா?

மல்டிஜெட்டில் முடியாது. பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைச் சுற்றும் அதே பெல்ட்தான் தண்ணீர்ப் பம்பையும் சுற்றுகிறது. பேட்டரி விளக்கு எரிந்து, சிறிது நேரத்தில் சூடும் ஏறினால் பெல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். கயிறு, துப்பட்டா எதுவும் இந்தப் பல்வரிப் பெல்ட்டின் இடத்தில் நிற்காது. ஐந்து ஆண்டான பெல்ட் ஓடும் வண்டியில், டிக்கியில் புது பெல்ட் ஒன்று கிடப்பது புத்திசாலித்தனம்.

கல் தட்டி ஆயில் சம்ப் ஒழுகுகிறது. சோப்பு வைத்து அடைக்கலாமா?

காய்ந்த சோப்புக் கட்டி டீசல் டாங்குக் கீறலுக்கு நன்றாக நிற்கும். டீசலில் அது கரைவதில்லை. சூடான ஆயிலில் இளகிவிடும். இன்ஜினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்புக்கு எம்-சீல் போன்ற இருபகுதிப் பசைதான். ஆயில் வடிந்து முடியும்வரை காத்திருந்து, ஷாம்பு வித்தையால் பிசுக்கெடுத்து, உப்புத்தாளால் சுரண்டி, ஒரே நிறம் வரும்வரை பிசைந்து அழுத்துங்கள். ஒரு மணி நேரமாவது கெட்டியாக விட்டுவிட்டு ஆயில் ஊற்றுங்கள். சரியான கிரேடு கிடைக்கவில்லையென்றால் எந்த டீசல் இன்ஜின் ஆயிலும் ஆயில் இல்லாமைக்கு மேல்.

சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் மட்டும் "அடுத்த பெட்ரோல் பங்க் வரை" என்ற பேச்சே வேண்டாம். அந்த விநாடியே அணையுங்கள். லட்சம் சுற்றில் ஓடும் டர்போ தண்டு மிதப்பது மெல்லிய ஆயில் படலத்தின்மேல்தான்.

பேட்டரி இறங்கிவிட்டது. பக்கத்தில் லாரிதான் நிற்கிறது, ஒயர் போட்டுத் தருகிறேன் என்கிறார். சரியா?

நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். லாரியில் இருப்பது 24 வோல்ட். உங்கள் கம்ப்யூட்டருக்கு அது இறுதி மரியாதை. இன்னொரு காரில் எடுங்கள். பிளஸ்ஸுக்குப் பிளஸ், மைனஸை உங்கள் பேட்டரியில் போடாமல் இன்ஜினின் வெற்று உலோகத்தில் கவ்வுங்கள்.

தள்ளி ஸ்டார்ட் செய்வது, டேஷ்போர்டு விளக்குகள் தெளிவாக எரிகிற அளவு மின்சாரம் மிச்சமிருந்தால் மட்டும் பலிக்கும். அடியோடு செத்த பேட்டரியில் கம்ப்யூட்டரே விழிக்காது, ஊரே கூடித் தள்ளினாலும்.

ஊட்டியில் காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கிறது. ஸ்ப்ரே அடிக்கச் சொல்கிறார்கள்.

குளிரில் ஸ்டார்ட் ஆக இன்ஜினுக்குள் சூடேற்றும் குளோ பிளக் தேய்ந்திருக்கும். சமவெளியில் அது செத்திருப்பதே தெரியாது. சாவியை 'ஆன்' செய்து சுருள் விளக்கு அணைந்ததும் அணைத்து, மறுபடி ஒருமுறை அப்படிச் செய்துவிட்டு செல்ஃப் அடியுங்கள். ஈதர் ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம். பழுத்த பிளக்கின்மேல் அது பட்டால் காற்றுப் பாதையிலேயே வெடிக்கும்.

ஆக்சிலரேட்டரைத் தொடவில்லை, இன்ஜின் தானாக அலறுகிறது, வெண்புகை மூட்டம், சாவியை எடுத்தும் நிற்கவில்லை. என்ன நடக்கிறது?

இருப்பதிலேயே ஆபத்தானது இது. டர்போவின் சீல் போய், ஆயில் காற்றுப் பாதையில் கசிந்து, இன்ஜின் தன் ஆயிலையே எரிபொருளாகக் குடிக்கிறது. டீசலை நிறுத்திப் பயனில்லை. ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றினாலும் இப்படி நேரும், ஆகவே மேலே சொன்ன சம்ப் வேலைக்குப் பிறகு கேஜ் குச்சியைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள்.

முதல் சில விநாடிகளில் செய்ய முடிந்தது ஒன்றுதான். ஐந்தாம் கியர் போட்டு, பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தபடி, கிளட்சைச் சட்டென்று விடுங்கள். இன்ஜின் திணறி நிற்க வேண்டும். கியர் விழவில்லை, அலறல் உச்சத்துக்குப் போய்விட்டது என்றால் எல்லோரும் இறங்கித் தொலைவில் போய் நில்லுங்கள். காற்று நுழையும் வாயைத் தட்டையான பலகையால் மூடி நிறுத்துகிறவர்கள் உண்டு. துணியும் கையும் உள்ளே இழுக்கப்பட்டுவிடும். பழக்கமில்லாதவர் கிட்டே போக வேண்டாம். இன்ஜின் போனால் போகட்டும்.

இ.ஜி.ஆர். வால்வு அடிக்கடி அடைக்கிறது. குளிர்பான டின்னை வெட்டித் தகடாக வைத்து அடைத்தால் தொல்லை தீரும் என்கிறார்களே?

எரிந்த புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்கே திருப்பிவிடும் இந்த வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டு வண்டி கரும்புகை கக்கினால், அந்தத் தகடு வீடுவரை கொண்டுவந்து சேர்க்கும் என்பது உண்மை. அதை அப்படியே நிரந்தரமாக விட்டுவிடுகிறவர்களோடுதான் எனக்குச் சண்டை. அந்த வால்வு குறைப்பது நைட்ரஜன் ஆக்சைடுகளை. நம் ஊர் மாசுச் சோதனையில் டீசல் காருக்குப் பார்ப்பது புகையின் அடர்த்தியை. ஆகவே தகடு வைத்த வண்டிக்கும் சான்றிதழ் கிடைத்துவிடும். மூச்சிழுக்கிறவர்களுக்கு அதனால் நன்மை ஏதுமில்லை. கழற்றிச் சுத்தம் செய்ய அரை நாள் வேலை.

தொப்பூர் இறக்கம்தானே, இன்ஜினை அணைத்துவிட்டே இறங்கிவிடலாமா? கோளாறான இன்ஜினுக்கும் ஓய்வு.

கூடவே கூடாது. டீசல் காரில் பிரேக்குக்குத் துணை நிற்பது, இன்ஜின் சுற்றினால் மட்டும் வேலை செய்யும் வேக்குவம் பம்ப். அணைத்தபின் இரண்டு மூன்று மிதிக்குத்தான் மிச்சம் இருக்கும். பிறகு பெடல் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் இறுகும். தர்மபுரிக்கும் சேலத்துக்கும் இடையே உள்ள அந்த இறக்கத்தில் நல்ல பிரேக் உள்ள வண்டிகளே தடுமாறுகின்றன. ஓடும் இன்ஜினில் பெடல் கல்லாக இருந்தாலும் இதே பொருள்: முதல் பதிலில் சொன்ன தடித்த குழாய். அங்கேயே நிறுத்துங்கள்.

இழுவை வண்டிக்கு யாரைக் கூப்பிடுவது? கயிறு கட்டி இழுத்தால் ஆகாதா?

தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033. காப்பீட்டில் சாலையோர உதவி சேர்த்திருந்தால் பாலிசியிலேயே எண் இருக்கும். கிளம்பும் முன் அதைக் கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள்.

கயிறு கட்டி இழுப்பது சமதரையில், பகலில், குறைந்த தூரத்துக்கு மட்டும். சாவி 'ஆன்' நிலையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். இழுபடும் வண்டியிலும் பிரேக் கல்லாகத்தான் இருக்கும் என்பதால், அதில் உட்காருகிறவர் வண்டியை நன்கு பழகியவராக இருக்கட்டும். கயிறு தொய்யாமல் பார்த்துக்கொள்வதும் அவர் வேலைதான். முன்னால் போகிறவர் 20 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல், நிறுத்துவதற்கு முன் ஹாரன் அடிக்கச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.